ஸ்காலர்ஷிப் சார்

கண்ணன் தூது போய்ப் பாதி ராஜ்ஜியம் கேட்டான், இல்லை என்றார்கள். ஐந்து ஊராவது கொடுங்கள் என்றான், இல்லை. சரி, ஐந்து வீடு? அதுவும் இல்லை. ஒரே மனு இத்தனை முறை திருத்தி எழுதப்பட்டும் தள்ளுபடியான ஊர் அஸ்தினாபுரம். குரோம்பேட்டை ரயில்பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் எங்கள் பேட்டைக்கும் அதே பெயரை வைத்தவர் யாரோ, விவரம் தெரிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்ணனுக்கு ஸ்காலர்ஷிப் சாரைத் தெரியாமல் போனதுதான் பிசகு. தெரிந்திருந்தால் கிளம்பும்போதே நிறுத்தியிருப்பார். "வெறும் வாயால கேட்டா எவன் குடுப்பான்? பாண்டுவோட டெத் சர்ட்டிபிகேட் எங்கே? வாரிசுச் சான்று எங்கே? பன்னிரண்டு வருஷம் காட்டுல இருந்திருக்காங்க, இருப்பிடச் சான்றுலயே அடிபடும். முதல்ல ரேஷன் கார்டைச் சரிபண்ணிட்டு வாங்க." பாரதப் போர் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். நடக்காமலேகூடப் போயிருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ரகம் எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. சிட்லபாக்கத்தில் ஒருவர், செம்பாக்கத்தில் ஒருவர், சேலையூரில் கட்டாயம் இரண்டு பேர் இருப்பார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதம் இவர்களுக்கு சீசன். மாம்பழத்துக்கும் அதே சீசன்தான், ஆனால் இவருக்கு சர்க்கரை.

மார்க் வந்த அன்று மற்றவர்கள் எல்லாம், "எத்தனை மார்க்?" என்று கேட்பார்கள். இவர் கேட்கமாட்டார். "இ-சேவை கேன் நம்பர் இருக்கா? பேங்க்ல ஆதார் சீட் ஆயிருக்கா?" என்பார். மாநில அளவில் முதலிடம் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அவர் கணக்கில் பெயில்.

கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஸ்டேப்ளர், கம், நீல பேனா இரண்டு, கறுப்பு பேனா ஒன்று, பாட்டிமார்களின் கைநாட்டுக்கு ஸ்டாம்ப் பேடு, அதைத் துடைக்க ஒரு துணி. பல்பொடி டப்பா ஒன்றில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். மூலைத் தெருவில் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் விஷயம் தெரிந்து, "அந்த டப்பாவைக் கொஞ்சம் குடுங்களேன், பார்த்துட்டுத் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். "அது ஸ்காலர்ஷிப் பர்ப்பஸுக்கு மட்டும்மா" என்று மறுத்துவிட்டாராம்.

பச்சை மை பேனா மட்டும் அந்தப் பையில் கிடையாது. கெஜட்டட் அதிகாரி ஆவதற்கு ஒரு பதவி உயர்வு பாக்கி இருக்கும்போது ஓய்வு வந்துவிட்டது. பச்சை மையில் கையெழுத்துப் போடும் யோகம் இல்லாமல் போன வருத்தத்தோடு இருந்தவருக்கு, 'சுய சான்றொப்பம் போதும்' என்று அரசாங்கம் சொன்னது பெரிய அடி. தன்னால் கடைசிவரை செய்ய முடியாததை, மீசை முளைக்காத பையன் தன் மார்க் ஷீட்டில் தானே செய்துகொள்கிறான். நாடு எங்கே போகிறது என்று அவர் கேட்ட ஒரே தருணம் அதுதான்.

சான்றிதழ்களை அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இ-சேவையில் சாதிச் சான்று 101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. "உனக்கு நூத்தியொண்ணு இருக்கு. நூத்திமூணு காலாவதியாயிடுச்சு. நூத்திநாலு கிடைச்சாலும் கிடைக்கும், பார்ப்போம்" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பையன் மேல் என்ன கேஸ் என்று ரகசியமாக விசாரித்தார்கள்.

அவர் மனைவி பொறுமைசாலி. "கல்யாணமான புதுசுல பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இவர் எழுதின முதல் லெட்டர்ல, 'பொருள்: குழந்தைக்குப் பெயர் வைத்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் தந்தையாரின் கடிதம், நாள் இத்தனை'ன்னு போட்டிருந்தார்" என்று சிரிக்கிறார். அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார், கோப்பில்.

வருமானச் சான்றிதழ் என்பது தனி இலக்கியம். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுபவர், பிளம்பர், பூக்கட்டும் அம்மாள், இரண்டு மாடி வீட்டில் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர் எல்லோருக்கும் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். மாதம் ஆறாயிரம், சொல்ல சுலபம், எழுத சுலபம், விஏஓ கண்ணை உறுத்தாது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகளுக்கு வரம்பு இரண்டரை லட்சம் வரை உயர்ந்துவிட்ட பிறகும் தெரு எழுபத்திரண்டைத் தாண்ட மறுக்கிறது. வாங்கின சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும் என்பதால், விலைவாசி எப்படி ஏறினாலும் வருமானம் மட்டும் வருஷா வருஷம் அதே எண்ணில் புதுப்பிக்கப்படுகிறது.

இதில் சாருக்கு ஒரு தத்துவம் உண்டு. ஒரு குடும்பஸ்தனுக்கு மூன்று வருமானம் இருக்க வேண்டும் என்பார். தாலுகா ஆபீஸில் சொல்ல ஒன்று, பேங்கில் கல்விக்கடன் கேட்கும்போது சொல்ல ஒன்று, சம்பந்தி வீட்டில் சொல்ல ஒன்று. "மூணையும் கலந்துடக் கூடாது. கலந்துட்டா ஸ்காலர்ஷிப்பும் வராது, லோனும் வராது, மருமகளும் வரமாட்டா." அவர் எழுதும் பாரத்தில் பொய் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுபத்திரண்டு என்றதும் பேனாவை மூடிவிட்டு மாடி வாடகையைப் பற்றி விசாரிப்பார். வந்தவர் நெளிவார். "இரண்டு லட்சத்து நாற்பதுன்னு உண்மையைச் சொன்னாலும் கிடைக்குமே, எதுக்குய்யா ஏழையாகறே?" என்பார். பலருக்கு அது புதுச் செய்தி.

ஆனால் அவர் உயிரையே வைத்திருப்பது நூத்திநாலில்தான். 2010-11-இல் கலைஞர் ஆட்சியில் வந்த முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு அரசே கல்விக் கட்டணம் கட்டும். இன்ஜினியரிங் என்றால் வருஷத்துக்கு இருபத்தைந்தாயிரம் வரை குறையும். சாதி கேட்பதில்லை, வருமானம் கேட்பதில்லை. வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதே தகுதி. படித்தவன் என்று காட்டிக்கொள்ள மூன்று தலைமுறையாகப் பாடுபட்ட ஊரில், படிக்கவில்லை என்று நிரூபிக்க வரிசையில் நிற்கும் நிலை வந்தது.

ராஜேந்திர பிரசாத் சாலையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இது ஒரு பூகம்பத்தையே உண்டாக்கியது. வாசலில் பித்தளை போர்டு. அவர் பெயர், பக்கத்தில் 'பி.காம்.' கிரகப்பிரவேசப் பத்திரிகையிலும் பி.காம். பையனுக்கு கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. "உங்களுக்கு நூத்திநாலு வராது சார், நீங்கதான் டிகிரியாச்சே" என்று ஸ்காலர்ஷிப் சார் அடுத்த பாரத்துக்குப் போகப் பார்த்தார். கடைக்காரர் போகவிடவில்லை. வாசற்படி வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு" என்றார்.

"எந்த வருஷத்து அரியர்?"

"தொண்ணூத்தாறு."

சார் மஞ்சப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அப்ப நீங்க டிகிரி ஹோல்டரே இல்லையா! இதை ஏன் முதல்லயே சொல்லலை? வாழ்த்துகள்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி வந்தார். கையில் கரண்டி.

"என்ன அரியர்? நீங்க பி.காம்.னுதானே எங்கப்பா பத்து சவரன் கூடப் போட்டாரு?"

நான் மதிலுக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தேவையில்லாத அளவுக்கு விட்டேன். கடைக்காரர் பேசவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் எவ்வளவு கஷ்டம் என்று ஆரம்பித்துப் பார்த்தார், எடுபடவில்லை. ஸ்காலர்ஷிப் சார்தான் நிலைமையைக் கையில் எடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். "இங்கே பாருங்கம்மா. வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம், நாலு வருஷம், ஒரு லட்சம். அந்த ரெண்டு பேப்பரையும் இவர் எழுதிப் பாஸ் பண்ணித் தொலைச்சிருந்தா இன்னிக்குப் பையனுக்கு ஒரு லட்சம் நஷ்டம். தொலைநோக்கோட பெயிலாகியிருக்காரு."

அந்த அம்மாள் பத்து சவரனின் இன்றைய விலையை மனதில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கரண்டி இறங்கவில்லை.

விஏஓ ஆபீஸிலிருந்து விசாரிக்க ஆள் வந்தாலும் வரலாம் என்பதால் அன்று சாயங்காலமே போர்டைக் கழற்றச் சொன்னார் சார். கடைக்காரர் கழற்றவில்லை, 'பி.காம்.' மட்டும் போகும்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்த இடம் மற்ற இடத்தைவிடப் பளபளவென்று ஆகி, தெருமுனையிலிருந்தே கண்ணில் படுகிறது. பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அரியர் எல்லாம் வைக்கக் கூடாது என்று வீட்டில் யார் அவனுக்குப் புத்தி சொல்வது என்பதில்தான் சிக்கல்.

சாரைக் கேலி செய்வது சுலபம். நானும்தான் செய்கிறேன். ஆனால் ஒருநாள் வேறு மாதிரி பார்த்தேன். எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் ஓர் அம்மாவின் மகள் தனியார் இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். பீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள். கம்மலை அடகு வைக்கக் கிளம்பிய அம்மாவை வழியில் பிடித்தவர் சார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கேஷ் கவுன்டரில் நின்று, மஞ்சப்பையிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்தார். 2012-ஆம் ஆண்டு, ஆதிதிராவிடர் நலத்துறை, அரசாணை எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்பது பற்றியது. கவுன்டர்க்காரர், "பிரின்சிபாலைப் பாருங்க" என்றார். சார் நகரவில்லை. பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்க, அரசாணையை முதல் பத்தியிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். 'மேற்கண்ட சூழ்நிலையில்', 'அரசு நன்கு பரிசீலித்து' எல்லாவற்றையும் விடாமல், ராகத்தோடு. மூன்றாவது பத்தி முடிவதற்குள் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மீதியையும் படித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். பாதியில் விடக் கூடாதாம்.

திரும்பும் வழியில் எம்.ஐ.டி. மேம்பாலம் வந்தது. அங்கே வரும்போதெல்லாம் அவருக்கு அப்துல் கலாம் ஞாபகம் வந்துவிடும். கலாம் எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்கல் படித்தவர். சேருவதற்குப் பணம் இல்லாமல் அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பிறகு ஒரு விமான வடிவமைப்பு வேலை திருப்தியாக இல்லை என்று பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு வைத்து, முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படும் என்று சொல்லிவிட்டார். கலாம் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தார். எல்லோரும் இந்தக் கதையில் உழைப்பைப் பார்ப்பார்கள். சார் பார்ப்பது வேறு. "பார்த்தியா? கலாமுக்கே ரினியூவல்ல பிரச்சினை வந்திருக்கு." கொஞ்ச தூரம் போனதும், "தாழ்த்தப்பட்ட பிள்ளைங்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பை வெள்ளைக்காரன் 1944-லேயே ஆரம்பிச்சான். எண்பது வருஷம் ஆச்சு. இன்னும் கம்மலைக் கழட்டிக்கிட்டு ஓடறாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ராகம் இல்லை.

பாரம் போட்டால் மட்டும் போதாது, பெயர் பொருந்த வேண்டும். இந்த விஷயத்தில் தமிழனைப் போல் துர்ப்பாக்கியசாலி இல்லை. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்கில் அப்பா பெயரே முழுசாக நீண்டிருக்கும். போதாக்குறைக்கு ஊர். இங்கிலீஷில் எச் போட்ட அஸ்தினாபுரம் ஒன்று, போடாதது ஒன்று. பழைய கார்டில் பல்லாவரம் நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. வீட்டை விட்டு ஓரடி நகராமல் ஒரு குடும்பம் இத்தனை இடம் மாறியிருப்பதை எந்த கம்ப்யூட்டர் நம்பும்?

எல்லாம் சரியாக அமைந்தாலும் பணம் வேறெங்காவது போய் உட்காரும். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, கல்லூரியில் படிக்கும் வரை மாதம் ஆயிரம் ரூபாய். பின்தெருப் பெண் ஒருத்திக்குப் பணம் அனுப்பியாகிவிட்டது என்று செய்தி வந்தது. பாஸ்புக்கில் ஒன்றும் ஏறவில்லை. தெருவே அரசாங்கத்தைத் திட்டியது. சார் திட்டவில்லை. "கடைசியா எந்த அக்கவுண்ட்ல ஆதார் சீட் பண்ணினியோ அங்கேதான் போகும். யோசிச்சுப் பாரு" என்றார். அவள் யோசித்தாள். சிம் கார்டு வாங்கின கடையில் ஏதோ ஒரு மெஷினில் விரல் வைத்தது ஞாபகம் வந்தது. அங்கே அவளுக்கே தெரியாத ஒரு கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது. 'லிங்க்' ஆவது வேறு, 'சீட்' ஆவது வேறு என்பதை அவர் வகுப்பெடுக்காத வீடு எங்கள் வட்டாரத்தில் இல்லை. எனக்கு இன்றுவரை புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டுவேன்.

இத்தனைக்கும் அவர் பிள்ளைகள் ஒரு ரூபாய்கூட ஸ்காலர்ஷிப் வாங்கியதில்லை. அரசுச் சம்பளம், ஒளிக்க முடியாத வருமானம். கைக்கெட்டாத அந்தப் பாரங்களைத்தான் ஊருக்கெல்லாம் நிரப்பிக்கொண்டிருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். காசு வாங்கமாட்டார். பில்டர் காபி மட்டும், சர்க்கரை இல்லாமல். ஆனால் யாராவது தன்னைக் கேட்காமல் விண்ணப்பித்து, அது ஒரே தடவையில் பாஸாகிவிட்டால் மனிதர் இரண்டு நாள் சரியாகப் பேசமாட்டார். 'ரிட்டர்ன்டு' என்று வந்தால்தான் அவருக்கு வயிறு நிறையும்.

அவருடைய ஒரே பலவீனம் தன் போன் நம்பரை அள்ளிக் கொடுத்தது. கேன் பதிவு செய்யும்போது செல் நம்பர் கேட்கும். தெருவில் பாதிப் பேருக்கு நம்பர் மாதா மாதம் மாறும் என்று தன் நம்பரையே போட்டுவிட்டார். விளைவு, எங்கள் வட்டாரத்து ஓ.டி.பி. எல்லாம் அவர் சட்டைப்பையில்தான் வந்து விழுகிறது. இ-சேவை மையத்தில் ஒரு பெண் நிற்பாள், இவர் குளித்துக்கொண்டிருப்பார், அவர் மனைவி பாத்ரூம் கதவைத் தட்டி, "ஆறு இலக்கம் வந்திருக்கு, யாருக்குன்னு தெரியலை" என்பார். ஒரு முறை காசிக்குப் போனார். கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர், கரையிலிருந்த மனைவி கத்திச் சொன்ன எண்களை மந்திரத்துக்கு நடுவே அஸ்தினாபுரத்துக்கு ஒப்பித்ததாகக் கேள்வி.

போன ஜூனில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். சீசன் நேரத்தில் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிப் பார்த்தார், மகள் கேட்கவில்லை. பார்க்கப் போயிருந்தேன். ஒரு கண்ணில் கட்டு. போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் போன் நர்ஸ் கையில். சொட்டு மருந்து விடுவதற்கு நடுவே அந்தப் பெண் எண்களைப் படிக்க, இவர் நேரத்தை வைத்தே இது திவ்யாவுக்கு, இது பாஸ்கர் பையனுக்கு என்று ஊகித்து என்னைப் போன் போட்டுச் சொல்லச் சொன்னார். மூன்றாவது ஓ.டி.பி.க்குப் பிறகு நர்ஸுக்கு விஷயம் பிடிபட்டது.

"சார், என் தம்பி இந்த வருஷம் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போறான். எங்கப்பா அம்மா படிக்கலை. அந்த முதல் பட்டதாரி கிடைக்குமா?"

படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "நீ என்ன படிச்சேம்மா? டிப்ளமோ நர்சிங்கா?"

"பி.எஸ்சி. நர்சிங் சார்."

"பி.எஸ்சி.யா?" அந்த ஒற்றைக் கண்ணில் வந்த வேதனை ஆபரேஷனில்கூட வந்திருக்காது. "அவசரப்பட்டுட்டியேம்மா."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மஞ்சப்பையைக் கையால் துழாவினார்.

"சரி விடு. தம்பி ஆறாங்கிளாஸ்லருந்து எந்த ஸ்கூல்?"

"கவர்மென்ட் ஸ்கூல்தான் சார்."

"பன்னிரண்டு வரைக்குமா?"

"ஆமா சார்."

"அப்படிச் சொல்லு!" என்று என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பையிலேர்ந்து பேனாவை எடு. கறுப்பு வேண்டாம், நீலம். அவனுக்கு ஏழரை பர்சென்ட் கோட்டா இருக்கு, தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கு... ஏம்மா, பேங்க்ல ஆதார் சீட் ஆயிருக்கா?"